ஈய எழுத்தும் இரும்பு எழுத்தும்

அன்பர்கள் கையிலுள்ள இந்தத் தாளைப் படித்து முடித்தபின் அதன் கதி என்ன? பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போகும். இல்லையேல் அடுக்களை அலமாரியில் விரிக்கப்படும். ஒட்டுக்கடைகளில் நாசி லெமாக் பொட்டலத்துக்கு மேலுறையாகச் செய்தித்தாள் பயன்பட்ட காலமும் நம் நினைவில் உண்டு. அதற்குமேல் ஒரு பழைய தாளுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

ஜெர்மனியில் டெஸ்ஸாவ் என்னும் நகரில், 1928-ஆம் ஆண்டு வாக்கில், ஓர் ஆசிரியர் ஏறக்குறைய இதே கேள்வியை மாணவர்முன் வைத்தார். யோசப் ஆல்பர்ஸ் என்பது அவர் பெயர். கக்கத்தில் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வகுப்புக்குள் வந்தார், எல்லாருக்கும் கொடுத்தார், இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றை இத்தாளிலிருந்து ஆக்குங்கள், கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் ஆக்கினால் இன்னும் நன்று என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சில மணி நேரம் கழித்து அவர் திரும்பியபோது கோட்டைகளும் ஆகாய விமானங்களும் விலங்குகளும் மனிதத் தலைகளும் காகிதத்தில் எழும்பியிருந்தன. அத்தனையையும் மழலைப் பள்ளிக் கைவேலை என்று அவர் தள்ளிவிட்டார். ஹங்கேரி நாட்டு இளைஞன் ஒருவன் தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தி வைத்திருந்தான், அவ்வளவே. ஆல்பர்ஸ் அதைத்தான் எல்லாருக்கும் காட்டினார். துவண்டு விழும் தாள் ஒரு மடிப்பினால் நிமிர்ந்து நிற்கிறது. படுத்துக் கிடந்தபோது ஒரு பக்கமே தெரிந்தது, நிற்கும்போது இரு பக்கமும் தெரிகின்றன. தாளின் இயல்பை அறிந்து செய்த வேலை இஃது ஒன்றே என்றார். அன்று அவ்வகுப்பில் மாணவராயிருந்த ஹான்னஸ் பெக்மன் பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுக் குறிப்பால் நமக்குக் கிடைத்த செய்தி இது.

அந்தப் பள்ளியின் பெயர் பௌஹௌஸ். இன்று வரைகலை வடிவமைப்பு என்று நம் பிள்ளைகள் பயிலும் கலையின் பெரும்பகுதிக்கு அடித்தளமிட்ட இடங்களுள் அஃது ஒன்று. அங்குப் படித்த புகழ்பெற்ற ஓவியர், கட்டடக் கலைஞர் ஆகியோரைப் பற்றிய நூல்கள் ஏராளம். எழுத்தையும் அச்சையும் விளம்பரத்தையும் கற்கத் தலைப்பட்ட சில மாணவர்கள் எவ்வாறு தவித்துத் தவித்து வளர்ந்தனர், வளர்ந்தபின் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1919-ஆம் ஆண்டு ஏப்ரலில் வைமார் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் இப்பள்ளியைத் தொடங்கினார். போர் முடிந்து ஐந்து மாதமே ஆகியிருந்தது. வந்து சேர்ந்த இளைஞர் பலர் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள். மாற்றுடை வாங்க வழியின்றிப் பழைய இராணுவ உடுப்புக்கே சாயமேற்றி அணிந்தவர்களும் உண்டு. பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்துக்கு வேண்டிய காய்கறியைப் பள்ளித் தோட்டத்திலேயே பயிரிட்டனர். சேர்ந்த எவருக்கும் இடம் உறுதியில்லை. அரையாண்டுக்கால முன்பயிற்சியில் தேறினால்தான் பட்டறைக்குள் நுழையலாம்.

மேலே சொன்ன ஆல்பர்ஸும் தொடக்கத்தில் மாணவராக வந்தவரே. தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர், 32 வயதில் 1920-இல் மீண்டும் மாணவராகப் பலகையில் அமர்ந்தார். கண்ணாடியில் படம் செய்ய ஆசை. கண்ணாடி வாங்கக் காசில்லை. முதுகில் ஒரு பையும் கையில் ஒரு சுத்தியலுமாக நகரக் குப்பைமேட்டுக்குப் போய் உடைந்த புட்டித் துண்டுகளைப் பொறுக்கி வந்து படம் செய்தார். பழைய தாளை அவர் மாணவரிடம் கொடுத்ததன் காரணம் இப்போது விளங்கும்.

நிற்க. வைமாரில் பௌஹௌஸ் இருந்த ஆறு ஆண்டுகளில் அச்சுக்கோர்க்கவோ, சுவரொட்டி அமைக்கவோ, விளம்பரம் வரையவோ முறையாகக் கற்பிக்கும் பட்டறை ஒன்றும் கிடையாது. அச்சுப் பட்டறை என்று ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அது ஓவியர்களின் மரச்செதுக்குப் படங்களையும் கல்லச்சுப் படங்களையும் தொகுதி தொகுதியாக அச்சிட்டு விற்கும் இடம். ஆகவே எழுத்தின்மேல் நாட்டம் கொண்ட மாணவர் வேறு ஏதோ ஒரு பட்டறையில் பெயரைப் பதிந்துகொண்டு, எழுத்துக் கலையைத் தாமே முட்டி மோதிக் கற்க வேண்டியிருந்தது. ஹங்கேரியரான மொஹோலி நாஜ் 1923-இல் ஆசிரியராக வந்து புதிய அச்சமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும்வரை இதுதான் நிலை.

அப்படிக் கற்றவர்களுள் முதலில் சொல்ல வேண்டியவர் யோஸ்ட் ஷ்மிட். 1893-இல் பிறந்தவர், உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர். 1919-இல் அவர் சேர்ந்தது மரச்செதுக்குப் பட்டறையில். பெர்லினில் சோமர்ஃபெல்டு என்ற மர வணிகருக்குக் குரோப்பியஸ் ஒரு வீடு கட்டினார். உடைக்கப்பட்ட போர்க்கப்பல் ஒன்றிலிருந்து எடுத்த தேக்குதான் அவ்வீட்டுக்குக் கிடைத்த மரம். கதவிலும் படிக்கட்டிலும் அந்தத் தேக்கைச் செதுக்கியவர் ஷ்மிட். மரத்தில் உளி ஓட்டிப் பழகிய அதே கை, 1923-இல் பள்ளியின் பெரிய கண்காட்சிக்குச் சுவரொட்டி அமைத்தது. சாய்ந்த சதுரமும் வட்டமும் சிவப்பும் கறுப்புமாக உள்ள அச்சுவரொட்டி இன்றும் வரைகலை நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது.

மற்றொருவர் ஹெர்பர்ட் பாயர். ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1900-இல் பிறந்தவர். தந்தை இறந்துவிட்டதால் வியன்னாவில் கலை பயிலும் எண்ணம் கைகூடாமல், கட்டடக் கலைஞரிடம் தொழில் பழகியவர். 1921-இல் வைமாருக்கு வந்து சுவர்ச் சித்திரப் பட்டறையில் சேர்ந்தார். 1923-இல் அவருக்கு வந்த வேலை எந்த மாணவனுக்கும் எளிதில் வாய்க்காதது. அப்போது ஜெர்மன் நாணயம் தலைகுப்புற வீழ்ந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் என்ற நிலைக்கு அது போயிற்று. காலையில் வாங்கிய சம்பளத்துக்கு மாலையில் ரொட்டி கிடைக்குமா என்பது ஐயம். மாநிலங்களே அவசர நோட்டு அடித்தன. தூரிங்கியா மாநில வங்கி தன் நோட்டை அமைக்கும் பொறுப்பை 23 வயது மாணவரான பாயரிடம் ஒப்படைத்தது.

மன்னர் தலை, கொடிச் சுருள், பூவேலை ஆகியவற்றை வரையவும் செதுக்கவும் அங்கு நேரமேது? பாயர் அவற்றை நினைக்கவேயில்லை. அச்சுக்கூடத்தில் இருந்த கனத்த எழுத்துகளையும் பட்டைக் கோடுகளையும் எடுத்தார். பத்து இலட்சம், இருபது இலட்சம் என்ற எண்களைப் பெரிதாக நிறுத்தினார். கோடுகளால் கட்டம் கட்டினார். மை காய்வதற்குள் அந்நோட்டுகள் புழக்கத்துக்குப் போயின என்பர். சில வாரங்களிலேயே அவற்றின் மதிப்புக் கரைந்துவிட்டது. வடிவத்தின் மதிப்போ கரையவில்லை. இன்று உலக அருங்காட்சியகங்கள் அவற்றைப் பாதுகாத்து வருகின்றன. காசே இல்லாத ஒரு மாணவன் இலட்சக்கணக்கான மார்க்கை அமைத்தான் என்பதை எண்ணுகையில் சிரிப்பும் வருகிறது.

1924-இல் தூரிங்கியாத் தேர்தலில் வலதுசாரிகள் கை ஓங்கியது. பள்ளிக்கான மானியம் பாதியாகக் குறைக்கப்பட்டது. வைமாரில் இனி வாழ வழியில்லை என்று கண்டு 1925-இல் பௌஹௌஸ் டெஸ்ஸாவ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குதான் அச்சுக்கோர்ப்பதற்கும் விளம்பரக் கலைக்கும் உண்மையான பட்டறை அமைந்தது. அதன் தலைவராக நேற்றுவரை மாணவராயிருந்த பாயரும், எழுத்து வரைவு ஆசிரியராக நேற்றுவரை மாணவராயிருந்த ஷ்மிட்டும் அமர்ந்தனர். வேறு எவரைத் தேடுவது? அக்கலையை அங்கு அறிந்தவர்கள், ஆசிரியரின்றித் தாமே கற்ற அந்த மாணவர்கள்தாம்.

டெஸ்ஸாவ் பட்டறையில் கற்றுக்கொண்டது என்ன? ஜெர்மானியர் அக்காலத்தில் பெரும்பாலும் கோணல் கோணலான கோதிக் எழுத்தில் படித்தவர்கள். பட்டறை மாணவரோ கொண்டையும் வாலும் இல்லாத எளிய ஈய எழுத்துகளைக் கொண்டு கோர்த்தனர். பள்ளியின் கடிதத்தாள், அறிவிப்பு, விலைப்பட்டியல், நூல் அட்டை எல்லாம் அவர்கள் கையால் வெளிவந்தன. ஷ்மிட்டின் வகுப்பில் கட்டம் போட்ட தாளில் அளவுகோலையும் கவராயத்தையும் கொண்டு ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். வட்டத்திலிருந்து எவ்வளவு வெட்டினால் ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாகிறது என்பது கைக்குத் தெரியும்வரை விடமாட்டார். இருபத்தாறு எழுத்துக்கும் சில புள்ளியிட்ட எழுத்துக்குமே இத்தனை பாடு. 247 எழுத்தையும் பெட்டி பெட்டியாகப் பிரித்துவைத்து நின்றபடியே கோர்த்த நம் கம்பாசிட்டர்களை இவ்விடத்தில் நினையாமல் இருக்க முடியவில்லை.

1925-இல் பாயர் மற்றொரு புரட்சியும் செய்தார். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். ஒலிக்கும்போது பெரிய ஒலி, சிறிய ஒலி என்று இரண்டு உண்டோ, எழுத்தில் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டு, பள்ளியின் அச்சு வேலைகளில் பெரிய எழுத்தையே விலக்கிவிட்டார்கள். பலர் முகம் சுளித்தனர். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே அறியாத தமிழர்க்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை! இன்று நம் அலுவலகங்களில் ஏ4 என்று வழங்கும் காகித அளவும் அவ்வாறே. ஜெர்மனியில் 1922-இல் தரப்படுத்தப்பட்ட அவ்வளவை ஆர்வத்தோடு முதலில் ஏற்றுக்கொண்டவர்களுள் இவர்களும் அடங்குவர்.

1927-இல் இப்பள்ளிக்கு லைப்சிக் நகரத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர் ஒருவர் வந்தார். இயந்திரப் பட்டறையில் தொழில் பயின்ற கை. ஃபிரான்ஸ் ஏர்லிஹ் என்பது பெயர். வயது இருபதுகூட நிரம்பவில்லை. காண்டின்ஸ்கியிடமும் கிளேயிடமும் வண்ணமும் வடிவமும் கற்றார். ஷ்மிட்டிடம் எழுத்துக் கற்றார். 1930-இல் படிப்பு முடிந்தது.

அதன்பின் நடந்ததை விரிக்க வேண்டா. டெஸ்ஸாவ் நகர மன்றத்தில் கை ஓங்கிய நாஜிகள் 1932-இல் பள்ளியை மூடவைத்தனர். பெர்லினில் கைவிடப்பட்ட தொலைபேசித் தொழிற்சாலை ஒன்றில் சில மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1933 ஏப்ரல் 11 அன்று போலீசார் புகுந்து சோதனையிட்டு மாணவரைப் பிடித்துச் சென்றனர். ஜூலை 20 அன்று ஆசிரியர்களே பள்ளியைக் கலைத்தனர். பதினான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,250 மாணவர் அங்குப் பயின்றிருந்தனர்.

அவர்கள் கற்ற வித்தை அவர்களோடு எங்கெங்கோ போயிற்று. இவ்விடத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பாயர் 1928-இலேயே பள்ளியை விட்டுப் பெர்லினில் பெரிய விளம்பர நிறுவனமொன்றின் கலைத் தலைவராகியிருந்தார். 1934 முதல் நாஜி அரசு நடத்திய கண்காட்சிகளுக்கு விளக்க ஏடுகளை அமைத்துக் கொடுத்தார். 1936-ஆம் ஆண்டு ஏட்டில் மக்கள் திரளின்மேல் ஹிட்லர் உருவமும் உண்டு. வெகு திறமான வேலை, அதுதான் வருத்தம். மறு ஆண்டே அவருடைய ஓவியமும் சீரழிந்த கலை என்ற பட்டத்தோடு அரசின் இகழ்ச்சிக் கண்காட்சியில் தொங்கியது. 1938-இல் அவர் அமெரிக்கா சென்றார். அங்குப் பெரும்புகழ் பெற்று 1985-இல் மறைந்தார். டெஸ்ஸாவில் கட்டடக் கலை பயின்ற மற்றொரு மாணவரான ஃபிரிட்ஸ் எர்ட்டல், எஸ்.எஸ். படையின் கட்டட அலுவலகத்தில் சேர்ந்து ஆஷ்விட்ஸ் முகாமின் வரைபடங்களில் பங்கு கொண்டார். ஒரே கூரையின்கீழ் படித்தவர்கள்தாம் எல்லாரும். ஷ்மிட்டுக்கோ கற்பிக்கும் வேலை மறுக்கப்பட்டது.

ஏர்லிஹ் வேறு வழி போனார். நாஜிகளை எதிர்த்த இரகசியக் குழுக்களோடு சேர்ந்தமையால் பிடிபட்டார். 1935-இல் தேசத் துரோக ஆயத்தம் என்ற குற்றத்துக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தனர். தண்டனை முடிந்தால் வீடு திரும்பலாம் என்பது அக்காலத்து ஜெர்மனியில் பொருந்தாத கணக்கு. 1937-இல் அவரைப் புக்கன்வால்டு வதைமுகாமுக்குக் கொண்டுபோயினர். அம்முகாம் எங்கிருக்கிறது? வைமார் நகரை ஒட்டிய எட்டர்ஸ்பெர்க் குன்றின்மேல். பௌஹௌஸ் பிறந்த அதே ஊரின் விளிம்பில், அதே பள்ளியின் மாணவர் கைதியாக நின்றார்.

கைதிகளின் கையாலேயே முகாம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. படம் வரையத் தெரிந்தவர் என்பது தெரிந்ததும் ஏர்லிஹை மரவேலைப் பட்டறையிலும் பிறகு கட்டட அலுவலகத்திலும் போட்டனர். 1938-இல் எஸ்.எஸ். அதிகாரிகள் ஒரு கட்டளையிட்டனர். முகாமின் வாயிற்கதவில் பொருத்த இரும்பில் ஒரு வாசகம் வேண்டும். எழுத்தை வரைந்து கொடு என்பது கட்டளை. ‘யேடம் டாஸ் சைன’ என்பது வாசகம்; அவரவர்க்கு உரியது அவரவர்க்கு என்று பொருள். உரோமானிய நீதி நூலிலிருந்து வந்த பழைய முதுமொழி; கைதியைப் பார்த்து எள்ளி நகையாட அதைத் தேர்ந்தெடுத்திருந்தனர். கதவிலும் வெளிப்பக்கத்தார் படிக்க அது வைக்கப்படவில்லை. தினமும் கணக்கெடுப்புக்கு நிறுத்தப்படும் திடலிலிருந்து கைதிகள் படிக்கும்படி உட்பக்கம் நோக்கி அமைந்தது.

ஏர்லிஹ் வரைந்து கொடுத்தார். நாஜிகளுக்குப் பிடித்தமான கோதிக் எழுத்தில் அல்லர். ஷ்மிட்டிடமும் பாயரின் அச்சுவேலைகளிலும் கற்ற பௌஹௌஸ் எழுத்தில். கொண்டையில்லை, வாலில்லை, கவராயத்தின் வளைவும் அளவுகோலின் நேர்மையும் அப்படியே உள்ளன. ஜெர்மானியப் பண்புக்கு ஒவ்வாதது என்று எந்தப் பள்ளியை விரட்டினார்களோ, அந்தப் பள்ளியின் எழுத்து அவர்கள் வாயிலிலேயே தொங்கியது. அவர்கள் கண்ணுக்கு அது தென்படவேயில்லை.

அது திட்டமிட்ட எதிர்ப்பு என்று இன்று பலர் எழுதுகின்றனர். கைதி தன் உடன்கைதிகளுக்கு அனுப்பிய மறைசெய்தி என்றும், அவரவர்க்கு உரிய தண்டனை ஒருநாள் எஸ்.எஸ். படைக்கும் வரும் என்று அவ்வாசகத்தையே திருப்பிப் போட்டதென்றும் கூறுவர். இருக்கலாம். எமக்கோ இன்னொன்றும் தோன்றுகிறது. மரணம் தலைக்குமேல் நிற்கும் இடத்தில் ஒருவனை எழுது என்றால், அவன் கை எழுதுவது அது நன்றாகப் பழகிய எழுத்தையே. வேலையை அரைகுறையாகச் செய்திருந்தாலும் அங்குக் கேட்பாரில்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. கட்டத் தாளில் ஆயிரம் முறை வட்டம் வெட்டிய பழக்கம் அவரை அரைகுறையாகச் செய்ய விடவில்லை.

1939-இல் அவரை முகாமிலிருந்து விடுவித்தனர். அதன் பின்னும் அதே எஸ்.எஸ். கட்டட அலுவலகத்தில் வேலை பார்த்தார். பின்னர்த் தண்டனைப் படைப்பிரிவில் சேர்த்துப் போருக்கு அனுப்பப்பட்டார். உயிரோடு மீண்டு கிழக்கு ஜெர்மனியில் கட்டடக் கலைஞராக வாழ்ந்தார். பெர்லினில் வானொலி நிலையத்துக்கு அவர் அமைத்த இசைக்கூடங்களின் ஒலிநயத்தை இசைவாணர் இன்றும் பாராட்டுகின்றனர். 1984-இல் காலமானார். கதவு எழுத்தின் வரலாற்றை 2009-இல் வைமாரில் நடந்த ஒரு கண்காட்சி பரவலாக மக்களுக்கு எடுத்துரைத்தது. அவ்வாயிலுக்குள் 1937 முதல் 1945 வரை ஏறத்தாழ 2,80,000 பேர் அடைபட்டனர். மாண்டவர் தொகை 56,000.

இன்னொரு மாணவியைச் சொல்லாமல் இதை முடிப்பது நியாயமன்று. ஃப்ரீடல் டிக்கர், வியன்னாவில் 1898-இல் பிறந்த யூதப் பெண். 1919-இல் தம் ஆசிரியர் யோஹான்னஸ் இட்டனைத் தொடர்ந்து வைமார் வந்தார். பெண்களைத் தறிப் பட்டறைக்கே ஒதுக்கித் தள்ளும் வழக்கம் பௌஹௌஸிலும் இருந்தது. புதுமை பேசிய பள்ளிக்கு அது பெருமையன்று. டிக்கர் நெசவும் கற்றார். அதோடு கல்லச்சும் எழுத்தமைப்பும் கற்றார். 1921-இல் வெளிவந்த ‘உட்டோப்பியா’ என்ற ஏட்டுக்கு இட்டனோடு சேர்ந்து அவர் அமைத்த பக்கங்களில் எழுத்துகள் பெரிதும் சிறிதுமாய்த் தாளம் போட்டு நடக்கின்றன.

1942 டிசம்பரில் அவரைத் தெரேசின் என்னும் முகாமுக்குப் பிடித்துப் போயினர். ஆளுக்கு 50 கிலோ சாமான் எடுத்து வரலாம் என்பது விதி. துணிமணியைக் குறைத்துக்கொண்டு அவர் வண்ணமும் தாளும் கட்டி எடுத்துப் போனார். அங்கே குழந்தைகள் விடுதியில் இரகசியமாகச் சித்திர வகுப்பு நடத்தினார். கொண்டுபோன தாள் எத்தனை நாளைக்கு வரும்? அலுவலகம் கழித்துப் போட்ட படிவத்தின் பின்பக்கம், பொட்டலம் கட்டிய தாள், கிழிந்த துண்டு எல்லாவற்றையும் சேர்த்தார். வெட்டி ஒட்டியும், கோட்டின் தாளத்தைக் கையால் உணர்ந்தும் படம் செய்ய, வைமாரில் தாம் கற்ற முன்பயிற்சிப் பாடங்களையே பிள்ளைகளுக்குக் கொடுத்தார். படத்தின் மூலையில் தம் பெயரை எழுதும்படி ஒவ்வொரு குழந்தையையும் பழக்கினார்.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றனர். அவரிடம் படித்த குழந்தைகளிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. போகுமுன் அவர் இரண்டு பெட்டிகளில் நிரப்பி மறைத்து வைத்த படங்கள் ஏறத்தாழ 4,500. போர் முடிந்தபின், 1945-இல், குழந்தைகள் விடுதியைக் கவனித்துவந்த ஒருவர் அப்பெட்டிகளைப் பிராக் நகருக்குச் சுமந்து வந்து சேர்த்தார். அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் அவை உள்ளன. படிவங்களின் அச்சிட்ட கோடுகள் பின்பக்கத்திலிருந்து மங்கலாகத் தெரிகின்றன. முன்பக்கத்தில் வீடுகள், பூக்கள், வண்ணத்துப் பூச்சிகள், மூலையில் பெயர்கள்.